ரிப்போர்ட் நோர்மல், ஆனால் முழங்காலைப் பார்த்ததா?

ஸ்ரௌவ்வில்லில் இருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாத்தி மூண்டு வருஷம். போன மாதம் எலும்பு அடர்த்தி ஸ்கான் எடுத்தம், நோர்மலாம். அப்ப அந்தச் செயற்கை மூட்டைச் சுத்தியிருக்கிற எலும்பும் நல்லாத்தானே இருக்கும்?" நிகழ்ச்சியில் இதுக்கு இரண்டு நிமிஷம்தான் கிடைச்சது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

அந்த ரிப்போர்ட்டை வைத்து அப்படிச் சொல்ல ஏலாது. வழமையான டெக்ஸா ஸ்கான் பார்ப்பது கீழ்முதுகு முள்ளந்தண்டையும் இடுப்பையும்தான், சிலவேளை முன்கையை. முழங்கால் அந்தப் படத்திலேயே வராது.

முழங்காலுக்கு எண்டு தனிக் கதை ஒன்றும் இருக்கிறது. பாரம் விழுகிற இடத்தில் எலும்பு தடிக்கும், பாரம் குறைந்தால் மெலியும் என்று ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வொல்ஃப் 1892 இல் எழுதி வைத்தார். தொடையெலும்பின் நுனியில் மாட்டுகிற கோபால்ட்-குரோமியக் கவசம் எலும்பைவிடப் பத்து மடங்கு அளவில் விறைப்பானது. பாரத்தை அதுவே தாங்கிக்கொள்ள, அதன் பின்னால் இருக்கிற எலும்புக்கு வேலை இல்லாமல் போகும். அதனால் அந்த எலும்பு மெலியும், பெரும்பாலும் முதல் வருஷத்திலேயே. எல்லோருக்கும் இது பிரச்சினையாகாது. ஆனால் விழுந்தால் மூட்டுக்குச் சற்று மேலே முறியலாம். பிறகு ஒருநாள் மூட்டைத் திரும்ப மாற்ற வேண்டி வந்தால், புதிசைப் பிடித்து வைத்திருக்க எலும்பு வேணும். 2018–19 இல் மட்டும் கனடாவில் 75,000 அளவில் முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சைகள் நடந்தன. ஆகவே இது ஒரு வீட்டுக் கேள்வி இல்லை.

சரி, அப்ப முழங்காலையே ஸ்கான் பண்ணினால் என்ன? இங்கேதான் எங்கட ஆட்களுக்குப் பிடித்த பகுதி வருகிறது.

டெக்ஸா இரண்டு வேறு சக்தி அளவுகளில் எக்ஸ்-கதிரை அனுப்பும். தசையும் எலும்பும் அவற்றை வேறு வேறு விதமாக உறிஞ்சும்; அந்த வித்தியாசத்தில் இருந்து, ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு எத்தனை கிராம் கனிமம் எண்டு கணக்குப் போடும். உலோகம் கதிரை அப்படியே விழுங்கிவிடும். மென்பொருள் அதையும் எலும்பு எண்டு எண்ணினால், மெலிந்த கால் உலகத்திலேயே உறுதியான காலாகத் தெரியும்! ஆகவே உலோகம் விழுந்த புள்ளிகளை வெட்டியெடுக்கிற தனி மென்பொருள் தேவை.

வெட்டினாலும் முடியவில்லை. நேரே முன்னால் இருந்து எடுத்தால் கவசம் தொடையெலும்பின் நுனியை மூடிவிடும், எனவே பக்கவாட்டில் எடுக்க வேணும். கீழ்க்கால் எலும்பைப் பக்கவாட்டில் எடுத்தால் பக்கத்துச் சின்ன எலும்பு குறுக்கே வந்து நிற்கும். கால் கொஞ்சம் திரும்பினாலே எண் மாறும். ஆய்வுகளில் காலைத் தாங்கியில் வைத்துப் பிடிப்பது இதனால்தான். இடுப்பு மூட்டுக்கு 1979 இல் இருந்தே குருயன் வலயங்கள் எண்டு ஏழு பிரிவுகள் உண்டு; முழங்காலுக்கு அப்படி எல்லோரும் ஏற்ற ஒரு வரைபடம் இல்லை. ஓராய்வின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடுவது கஷ்டம்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது 2.77 என்ற எண். ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அளக்கும்போது வரும் பிழையை அதால் பெருக்கினால், எவ்வளவு மாறினால் அது உண்மையான மாற்றம் எண்டு சொல்லலாம். பிழை 1 வீதமானால், 2.8 வீதத்துக்கு மேல் குறைந்தால்தான் நம்பலாம். பிழை 3 வீதமானால் 8 வீதம் குறைந்தாலும் அது வெறும் சத்தமாக இருக்கலாம். கால் வைக்கிற விதம் ஏன் அவ்வளவு பெரிய விஷயம் எண்டு இப்ப விளங்கும்.

ஆகவே முழங்கால் டெக்ஸா இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூட வேலைதான். கிளினிக்கில் சாதாரண எக்ஸ்ரேயைத்தான் பார்ப்பார்கள். ஆனால் எலும்பு நிறையக் குறைந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

எங்கட நேயருக்கு: அம்மாவின் அடுத்த முழங்கால் எக்ஸ்ரே எப்போது எண்டு சத்திரசிகிச்சை டொக்டரிடம் கேளுங்கோ. புது நோவு வந்தால் அதுவரை பொறுக்க வேண்டாம். அடுத்த டெக்ஸாவையும் அதே மெஷினில் எடுக்கப் பாருங்கோ. வேறு கம்பனி மெஷினின் எண்ணை இதோடு நேரடியாக ஒப்பிட ஏலாது.