சுரங்க லாரி டயரில் அமைந்த கால்நடைத் தண்ணீர்த் தொட்டி
அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங் மாநிலங்களின் மேய்ச்சல் நிலங்களில், சுரங்க லாரிகளில் ஓடித் தேய்ந்த பெரிய டயர்கள் மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டிகளாகின்றன. மேற்பக்கச் சுவரை அறுத்தெடுத்து, அடித்துளையைக் கான்கிரீட்டால் அடைத்து, நிலம் உறையும் ஆழத்துக்கும் கீழே பதித்த குழாயை அதன் நடுவே ஏற்றுவதால், மண்ணின் வெதுவெதுப்பு குன்றாத நீர் தொட்டிக்குள் வருகிறது. அந்நீர் ஓயாமல் உட்புகுந்து வழிகுழாய் வழியே வெளியேறுவதே உறைதலைத் தடுக்கும் முதற்காரணம். கரிய ரப்பர் வெயிலை ஈர்ப்பதும், சுற்றிலும் அணைத்த மண் குளிர்காற்றை மறைப்பதும் அதற்குத் துணை நிற்கின்றன. கடுங்குளிரில் மேற்பரப்பு உறையவே செய்யும். ஆயினும் உறையும் நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும்போது கான்கிரீட் தொட்டி வெடித்துவிட, ரப்பரோ நெகிழ்ந்து கொடுக்கிறது. அறுத்த விளிம்பில் துருத்தும் எஃகு இழைகள் மாட்டின் முகவாயைக் கிழிக்காதபடி தேய்த்து மழுக்கப்பட வேண்டும்.