சீனப் பட்டணத்தில் ஓர் அன்னிய ஆசிரியர்



சீனர் கடையில் சாமான் வாங்கி வாங்கியே நாலு சீன வார்த்தை பேசப் பழகியவர்கள் நம்மில் பலர் உண்டு. அந்த வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்ததற்காகக் கடைக்காரரைத் தண்டிப்பார்கள் என்றால் எப்படியிருக்கும்? அப்படிப்பட்ட பட்டணத்தில் போய் இறங்கிய ஒருவரின் கதையை இன்று சொல்கிறேன். அவர் பின்னர் நம் மலாக்காவிலே பள்ளி வைத்தவர்.

வில்லியம் மில்ன் ஸ்காட்லாந்துக்காரர். சிறு வயதில் ஆடு மேய்த்தவர். கிறிஸ்துவ சமயப் பணிக்காக 1813 ஜூலையில் மனைவியோடு மக்காவ் துறைமுகத்தில் இறங்கினார். அதை ஆண்ட போர்த்துகீசியர், சில நாட்களிலேயே ஊரைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். மனைவியை அங்கேயே விட்டுவிட்டுத் தாம் மட்டும் படகேறிக் காண்டன் நகரத்துக்குப் போனார். காண்டனில் அன்னியப் பெண்கள் தங்கக் கூடாது என்பது சீன அரசின் கட்டளை.

காண்டன் மாபெரும் பட்டணந்தான். ஆனால் அன்னியருக்கு விட்டிருந்ததோ, மதிலுக்கு வெளியே ஆற்றோரமாக, வணிகர்களின் கிடங்குகள் இருந்த ஒரு துண்டு நிலம். மதிலுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அன்னியருக்குச் சீனமொழி கற்பிப்பதே குற்றம் என்றிருந்ததே, அதுதான் பெரிய இடி. ஓர் ஆங்கிலேயருக்கு மனு எழுத உதவிய சீனருக்கு 1759இல் மரண தண்டனையே கொடுத்தார்கள். ஆகவே, ஆசிரியராக வந்தவர் மாணவராக இருப்பதற்கே ஒளிந்து மறைய வேண்டியிருந்தது.

மொழியோ லேசானதல்ல. ‘மா’ என்ற ஓரெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடசீனப் பேச்சில் அதைச் சமமாக நீட்டினால் தாய். குரலை உயர்த்தினால் சணல். இறக்கி ஏற்றினால் குதிரை. சட்டென்று இறக்கினால் திட்டுதல். தாயைக் கூப்பிடப்போய்க் குதிரையைக் கூப்பிட்டுவிடலாம்!

காண்டனில் காலூன்ற முடியாதென்று கண்ட மில்ன், சீனர்கள் குடியேறியிருந்த ஊர்களைத் தேடினார். 1815 மே மாதம் மலாக்கா வந்தார். அப்போது இங்கே ஆங்கிலேயர் ஆட்சி. மொழி கற்கத் தடையில்லை. ஆகஸ்டில் சீனப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். நவீனச் சீன இதழ்களில் முதலாவது என்று சொல்லப்படும் மாத இதழையும் அதே மாதம் இங்கிருந்து வெளியிட்டார்.

இலவசம் என்றதும் பிள்ளைகள் ஓடிவந்தார்களா? இல்லை. ‘சும்மா சொல்லிக் கொடுக்கிறான் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது’ என்று பெற்றோர் தயங்கினார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை; சமயம் பரப்பும் நோக்கம் அவருக்கு இருக்கத்தானே செய்தது! போகப் போகத்தான் பிள்ளைகள் சேர்ந்தார்கள். 1818இல் ஆங்கிலோ-சீனக் கல்லூரிக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது.

அதே பயம் சீனரல்லாதவர் வீடுகளிலும் இருந்தது. ஆங்கிலம் படித்தால் மதம் மாற்றிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மில்னிடம் போன வாலிபர் ஒருவர் உண்டு. மலாக்காவில் பிறந்த அவருடைய கொள்ளுப்பாட்டனார் யேமனிலிருந்து வந்து நாகூரில் தமிழ்ப்பெண்ணை மணந்தவர். அவரும் சிறுவயதில் மலாக்காவிலேயே தமிழ் படித்தவர். மில்னிடம் ஆங்கிலம் கற்றுக்கொண்டு, அவருக்கு மலாய் கற்றுக் கொடுத்தார். மில்ன் 1822இல், 37 வயதில், மலாக்காவிலேயே காலமானார். அந்த வாலிபரோ அந்நாட்களை யெல்லாம் தம் சரித்திரத்தில் எழுதி, 1849இல் அச்சிட்டார். அவர்தான் முன்ஷி அப்துல்லா.