எழுத்தும் ஊக்கமும்

பொருளை விழைவோன் வணிகத்தை நாடுவான். அதிகாரத்தை விழைவோன் அரசியலை நாடுவான். இவ்விரண்டினையும் எளிதில் அளிக்காத எழுத்துப் பணியை ஒருவன் வாழ்நாள் முழுவதும் விடாது மேற்கொள்வதற்குக் காரணம் யாது? இவ்வினா ஆராயற்பாலது.

பரிசும் புகழுமே காரணம் என்பர் சிலர். இக்கூற்றுக்குப் புறநானூற்றிலேயே மறுப்பு உண்டு. வறுமையுற்ற பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் சென்றார். மன்னன் அவரை நேரிற் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். தம் புலமையை அறிந்து அளிப்பது சிறிதாயினும் இனிது என்பதே அவர் கருத்து. அவர் வேண்டியது பொருள் மட்டுமன்று. தம்மை அறிவாரையும் வேண்டினார்.

அண்மைக்காலச் சான்றொன்று கொழும்பிலேயே உண்டு. கொட்டாஞ்சேனையை உள்ளடக்கிய கொழும்பு 13இல், ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து, பிற்காலத்தில் 'மல்லிகை' என்னும் இலக்கிய இதழ் வெளிவந்தது. அதன் ஆசிரியர் டொமினிக் ஜீவா. 1927இல் யாழ்ப்பாணத்திற் பிறந்த அவர், இளமையிலேயே பள்ளிப் படிப்பை இழந்து, சிகையலங்காரத் தொழில் புரிந்தவர். சாதிக் கொடுமையைத் தாமே அனுபவித்தவராதலின், இலக்கியத்தில் இடம்பெறாத எளியோர் வாழ்வைச் சிறுகதையாக்கினார். 1960இல் வெளிவந்த அவரது 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. பரிசே நோக்கமாயின் அவர் பணி அத்துடன் நிறைவெய்தியிருக்கும். அவரோ 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கினார். போர்ச் சூழலில் யாழ்ப்பாணம் விட்டுக் கொழும்பு வந்த பின்னரும் அதனைக் கைவிட்டாரல்லர். 2012 வரை ஏறத்தாழ நானூறு இதழ்கள் வெளிவந்தன. 2021இல் அவர் மறைந்தார்.

இதழ்களைத் தாமே சுமந்து சென்று வாசகர் கையிற் கொடுத்து விற்றமை அவரது வழக்கம். இதனால் இழப்பு ஓரளவு குறைந்திருக்கலாம்; ஆயினும் அதனினும் பெரிய ஊதியம் ஒன்றுண்டு. எழுதுவோன் தன் வாசகனை முகத்துக்கு முகம் கண்டான். அடுத்த இதழ் எப்பொழுது என வினவும் ஒரு வாசகன், எழுதுவோனின் சோர்வை நீக்கவல்லவன். அவ்விதழ் பிற எழுத்தாளருக்கும் அத்தகைய எதிர்பார்ப்பை உண்டாக்கியது; அவர்தம் உருவப்படங்களை அட்டையில் தாங்கி, வாழுங் காலத்திலேயே அவரைச் சிறப்பித்தது.

ஆகவே, எழுத்தைத் தொடங்கிவைப்பது சொல்லப்படாத வாழ்வின் சுமை. தொடரச் செய்வது அதனைக் கேட்பார் உளர் என்னும் நம்பிக்கை. முன்னையது எழுத்தாளனிடத்தே பிறப்பது. பின்னையதோ வாசகரால் அளிக்கப்படுவது. சிறிய வாசகர் கூட்டத்தையுடைய ஈழத்துத் தமிழிலக்கியத்தில், ஓர் இதழை விலைகொடுத்து வாங்கிப் படிப்பதும் இலக்கியப் பணியேயாம்.