உடும்பும் வண்ணத்துப்பூச்சியும்

திருப்பூரைத் தாண்டிக் காங்கயம் நோக்கிச் சென்றால், கிளுவை வேலியிட்ட மேய்ச்சல் நிலங்களைக் காணலாம். இவற்றைக் கொறங்காடு என்பார்கள். காலை வெயில் ஏறும்போது வேலியோரம் இரண்டு பிராணிகள் வெயில் காய்வதை நீங்கள் பார்க்கக்கூடும். ஒன்று உடும்பு. மற்றொன்று வெந்தய வரியன் என்னும் ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி.

வாலுடன் ஒன்றேமுக்கால் மீட்டர் வரை வளரும் உடும்பையும், இறக்கை விரித்தால் 8 சென்டிமீட்டர் அளவே உள்ள பூச்சியையும் ஒப்பிட முடியுமா? முடியும். இரண்டும் குளிர் இரத்தப் பிராணிகள். உடல் சூடேறிய பிறகே ஒன்றின் கால்களும் மற்றொன்றின் இறக்கைகளும் சுறுசுறுப்பாக இயங்கும்.

நாக்கும் காலும்

உடும்பு தன் பிளவுபட்ட நாக்கை அடிக்கடி நீட்டுவது ஏன் தெரியுமா? வாசனைத் துகள்களை நாக்கு திரட்டி, மேலண்ணத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்பில் சேர்க்கிறது. இவ்வாறு மறைந்திருக்கும் வண்டையும் அது மோப்பம் பிடிக்கும். பெண் வரியனோ முன்கால்களால் இலையைத் தட்டிச் சுவை பார்க்கும். எருக்கு அல்லது அதன் இனச் செடி என்று தெரிந்தால்தான் முட்டையிடும்.

விரைவும் நிதானமும்

வரியனின் முட்டை சில நாட்களில் பொரியும். புழு எருக்கிலையைத் தின்று, பலமுறை தோலுரித்து, கூட்டுப்புழுவாகிப் பின் பூச்சியாகிறது. வெப்பமான நாட்களில் இத்தனையும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடிந்துவிடும். எருக்கின் நச்சு அதன் உடலில் தங்குவதால் பறவைகள் அதை விரும்புவதில்லை.

உடும்பு மண்ணைத் தோண்டி, ஏறத்தாழ 20 முட்டைகளை இட்டு மூடிவிடும். அவை பொரிய 5 முதல் 8 மாதங்கள் ஆகலாம். குட்டிக்கு உருமாற்றம் இல்லை. பிறக்கும்போதே அது சிறிய உடும்புதான். சில ஆண்டுகள் வளர்ந்த பிறகே அதுவும் முட்டையிடும்.

இந்த வேறுபாட்டில் ஒரு பாடம் உண்டு. எருக்கை வெட்டினால் வரியன் அகன்றுவிடும். செடி தழைத்தால் விரைவில் திரும்பி வரும். ஆனால் ஓர் உடும்பைக் கொன்றால் அந்த இழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் வேண்டும். உடும்புக்கறி வலுவூட்டும், அதன் எண்ணெய் மூட்டுவலி தீர்க்கும் என்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பை முதல் அட்டவணையில் வைத்துள்ளது. அதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம்.

கொறங்காடுகள் வீட்டுமனைகளாகவும் தொழிற்கூடங்களாகவும் மாறும்போது வேலிகளும் மறைகின்றன. வேலியோடு எருக்கும், உடும்பு முட்டையிடும் மண்ணும் போய்விடுகின்றன.

செய்து பாருங்கள்

பள்ளிக்கு அருகிலுள்ள எருக்கஞ்செடியைத் தினமும் கவனியுங்கள். இலைகளில் வரியனின் முட்டையோ புழுவோ தெரிந்தால் தேதியுடன் குறித்து வாருங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. ஆகவே செடியைத் தொடாமல் பாருங்கள்.