மகள் பால் கறக்கும் முன்பே முதல் இடம் பிடித்த காளை!

மாடு வாங்கப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். சுழி பார்ப்பார்கள். மடியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

பசுவுக்கு இது சரி. காளைக்கு?

காளை பால் கறப்பது இல்லை. ஆனால், அதற்குப் பிறக்கும் கிடாரி எவ்வளவு பால் கறக்கும் என்பது காளையையும் பொறுத்தது. நல்ல காளையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரெடி

அமெரிக்காவில் ஒரு காளை. அதன் பெயர் "பேட்ஜர் பிளப் பேனி பிரெடி". சுருக்கமாக, பிரெடி. கறுப்பும் வெள்ளையும் கலந்த ஹோல்ஸ்டீன் இனம்.

2009-ம் ஆண்டு ஜனவரி மாதம் அமெரிக்க விவசாய இலாகா காளைகளின் தர வரிசையை வெளியிட்டது. பிரெடிக்கு முதல் இடம்!

அப்பொழுது பிரெடியின் மகள்களில் ஒன்றுகூட கறவைக்கு வரவில்லை.

3 ஆண்டுகள் சென்றன. பிரெடியின் 346 மகள்கள் கறந்த பால் கணக்கு கைக்கு வந்தது. கூட்டிப் பார்த்தார்கள். சொன்னது சரியாக இருந்தது!

பழைய முறை

முன்பெல்லாம் காளையின் தரத்தை அறிய நெடுநாள் காத்திருக்க வேண்டும். காளை வளர வேண்டும். அதன் விந்தைக் கொண்டு பல பசுக்களுக்குச் சினை ஊசி போட வேண்டும். பிறக்கும் கிடாரிகள் வளர்ந்து, கன்று ஈன்று, பால் கறக்க வேண்டும். இதற்குள் சுமார் 5 ஆண்டுகள் ஓடிவிடும்!

தாய் தந்தையைப் பார்த்துச் சொல்லலாமே என்றால், அது போதாது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரியா இருக்கின்றன?

50 ஆயிரம் இடங்கள்

ஒவ்வொரு உயிரின் உடம்பிலும் டி.என்.ஏ. என்ற பொருள் இருக்கிறது. அது 4 எழுத்துக்களால் எழுதப்பட்ட நீண்ட ஓலை போன்றது. பாதி தாய் தந்தது. பாதி தந்தை தந்தது.

"பால் மரபணு" என்று தனியாக ஒன்று கிடையாது. ஆயிரக்கணக்கான இடங்களில் உள்ள சிறு சிறு மாறுதல்கள் ஒன்றுசேர்ந்து பாலைக் கூட்டுகின்றன, குறைக்கின்றன. பெரும்பாலானவற்றின் வேலை கடுகளவுதான்.

இதைக் கணக்குப் போடும் வழியை மியூவிசன், ஹேஸ், கோடார்டு என்ற 3 விஞ்ஞானிகள் 2001-ல் எழுதினார்கள்.

மாட்டின் மயிர்க்கால் ஒன்று போதும். அதில் உள்ள டி.என்.ஏ.யில் சுமார் 50 ஆயிரம் இடங்களை ஒரு சிறிய சில்லு படித்துவிடும். மகள்களின் பால் கணக்கு தெரிந்த பழைய காளைகளோடு ஒப்பிட்டு, ஒவ்வோர் இடத்துக்கும் இவ்வளவு மார்க் என்று கம்ப்யூட்டர் போடும். புதுக் கன்றின் மார்க்குகளைக் கூட்டினால், அதன் தரம் தெரியும்!

காளைகளுக்குப் பரீட்சை

சும்மா நம்பிவிடவில்லை. அமெரிக்காவில் முதலில் பரீட்சை வைத்தார்கள்.

1999-க்கு முன் பிறந்த 3,576 காளைகளைக் கொண்டு கணக்கு போட்டார்கள். அதன் பிறகு பிறந்த 1,759 காளைகளின் தரத்தைக் கணித்தார்கள். அவற்றின் மகள்கள் கறந்த பாலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தாய் தந்தையை மட்டும் வைத்துச் சொன்னதைவிட, புதுக் கணக்கே அதிகம் பலித்தது.

பிறக்காத கன்றுகள்

இந்தக் கணக்கு இன்னொரு மர்மத்தையும் உடைத்தது.

1962-ல் பிறந்த "சீப்" என்ற காளை புகழ் பெற்றது. அதற்கு 16 ஆயிரம் மகள்கள். 5 லட்சம் பேத்திகள். 20 லட்சத்துக்கு மேல் கொள்ளுப் பேத்திகள்! எல்லாம் சினை ஊசியின் மகிமை. அந்த வம்சம் பாலைக் கொட்டியது.

ஆனால், சில பசுக்களுக்குச் சினை பிடிக்கும், பிறகு கலைந்துவிடும். காரணம் தெரியாமல் விவசாயிகள் தவித்தார்கள்.

2011-ல் விஞ்ஞானி வான்ராடன் குழுவினர் ஆயிரக்கணக்கான மாடுகளின் டி.என்.ஏ. பதிவுகளை அலசினார்கள். ஒரு துண்டு, தாய் வழியாக மட்டும் வந்த மாடுகள் இருந்தன. தந்தை வழியாக மட்டும் வந்த மாடுகளும் இருந்தன. இரு வழியிலும் வந்த மாடு ஒன்றுகூட இல்லை!

ஏன் இல்லை? அந்தக் கன்றுகள் பிறக்கவே இல்லை. கருவிலேயே அழிந்துவிட்டன!

வம்சத்தைப் பின்னோக்கிப் பார்த்தார்கள். அது சீப்பிடம் போய் நின்றது. ஒரே ஓர் எழுத்துப் பிழைதான் காரணம் என்பது பின்னர் தெரிந்தது. அந்தப் பிழையால் உலகம் முழுவதும் சுமார் 5 லட்சம் கன்றுகள் கருவிலேயே அழிந்திருக்கும் என்று 2016-ல் மதிப்பிட்டார்கள்.

பிழை உள்ள காளையை, பிழை உள்ள பசுவோடு சேர்த்தால்தான் ஆபத்து. அப்பொழுதும் 4 கருவில் ஒன்றுக்குத்தான் ஆபத்து. இப்பொழுது முன்கூட்டியே சோதித்து, அப்படிச் சேராமல் பார்த்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில்

ஹோல்ஸ்டீன் மாட்டுக்குப் போட்ட கணக்கு நம் ஊர் மாட்டுக்குப் பலிக்காது. இனம் வேறு, கணக்கும் வேறு. ஆகவே, இந்தியாவிலேயே மாடுகளுக்கு ஒரு சில்லும், எருமைகளுக்கு ஒரு சில்லும் தயாரித்தார்கள். 2024-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி, மராட்டிய மாநிலம் வாசிமில் நடந்த விழாவில் பிரதமர் மோடி அவற்றை வெளியிட்டார்.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. சில்லு சொல்வது, கன்று பிறப்பில் கொண்டுவந்த முதலை மட்டுமே. தீனியும், தண்ணீரும், நிழலும் மாட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது.

புகழ் பெற்ற காளை என்று எல்லோரும் ஒன்றின் பின்னாலேயே ஓடினால் என்ன ஆகும்? அதற்குப் பதில், பிறக்காமல் போன அந்த 5 லட்சம் கன்றுகள்!