அப்புத்தளை: மாலை பஸ்ஸை நம்பிய குடும்பங்கள்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில் ஒரு மலைமுகட்டின் மேல் நீண்டு கிடக்கும் அப்புத்தளை, 1893இல் புகையிரதம் வந்து சேர்ந்த பின் அந்தப் பாதையை ஒட்டியே வளர்ந்த நகரமாதலால், கடைவீதியும் சந்தையும் புகையிரத நிலையமும் பஸ் தரிப்பிடமும் நடந்தே எட்டக்கூடிய நெருக்கத்தில் அமைந்துள்ளன. ஆகவே நகருக்குள் குடியிருப்போருக்குக் கார் இல்லாதது பெருங்குறையாகத் தெரிவதில்லை. ஆனால் இந்நகரை நம்பி வாழ்வோரில் பெரும்பாலானோர், தம்பேதன்னை, தொட்டலாகலை, பிட்டரத்மலை முதலிய தோட்டங்களில், ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்புகளாகிய லயங்களில் பிள்ளைகளை வளர்ப்பவர்கள்.

வேலைத்தலம், பள்ளிக்கூடம், கடை, மருந்தகம் ஆகிய யாவும் வீட்டிலிருந்து கால்மணி நேர நடைக்குள் கிடைக்க வேண்டும் என்னும் ‘பதினைந்து நிமிட நகரம்’ என்ற கருத்தை, பாரிஸ் பேராசிரியர் கார்லோஸ் மொரேனோ 2016இல் முன்வைத்தார்; கார் இல்லாமல் குடும்பம் நடத்துவதற்கு ஏற்ற திட்டமாக அது இன்று பல நாடுகளில் பேசப்படுகிறது. தோட்டமும் ஏறத்தாழ அப்படித்தான் அமைக்கப்பட்டது: லயத்துக்கு அருகிலேயே கொழுந்து பறிக்கும் மலை, காலையில் பேர் பதியும் பிரட்டுக்களம், கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பரா, சிறு பள்ளிக்கூடம். எனினும் தாமஸ் லிப்டன் 1890இல் தம்பேதன்னையில் தேயிலைத் தொழிற்சாலையை நிறுவிய அந்தக் காலத்து ஏற்பாட்டின் நோக்கம் தொழிலாளியின் வசதியன்று, அவர் வெளியே போகத் தேவையில்லாமல் செய்வதே. பிள்ளை உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க விரும்பினாலோ, தாய்க்குத் தியத்தலாவை ஆதார வைத்தியசாலையிலோ பதுளையிலோ சிகிச்சை தேவைப்பட்டாலோ, அந்தப் பதினைந்து நிமிட உலகம் போதாமற் போகிறது.

அங்கிருந்து வெளியேற வழி பஸ்தான். அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைக்குச் செல்லும் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் பாதை, எதிரே வாகனம் வந்தால் ஒன்று பின்னுக்குப் போய் ஒதுங்கி வழிவிட வேண்டிய அளவுக்கு ஒடுங்கியது. மழைநாளில் பிள்ளைகள் லயத்திலிருந்து பாதை வரை செருப்போடு இறங்கி வந்து, சேறு படாமல் பையில் கொண்டுவந்த வெள்ளைச் சப்பாத்தை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். மாணவருக்குச் சலுகை விலையில் கிடைக்கும் மாதாந்தப் பருவச்சீட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்களுக்கே உரியதாதலால், தனியார் பஸ் முன்னால் வந்து நின்றாலும் கையில் காசில்லாத பிள்ளை அடுத்த சபை பஸ்ஸுக்குக் காத்திருக்க நேர்கிறது. மாலையில் இதைவிடச் சிக்கல்: பின்னேர வகுப்பு முடியும் முன்பே கடைசி பஸ் புறப்பட்டுவிடும் தோட்டங்களில், அந்த வகுப்பையே கைவிட வேண்டியிருக்கிறது, அதிலும் இருட்டிய பின் தேயிலைக்கு நடுவே தனியே நடக்க அனுப்பப்படாத பெண்பிள்ளைகளே முதலில் நிறுத்தப்படுகிறார்கள்.

லீசிங்கில் ஒரு முச்சக்கரவண்டி எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. நாட்சம்பளக் குடும்பத்துக்கு அந்தத் தவணை எவ்வளவு பெரிய சுமை என்பது ஒருபுறமிருக்க, சொந்த வண்டியும் எப்போதும் கைகொடுப்பதில்லை என்பதை 2022 காட்டியது. எரிபொருள் தட்டுப்பாட்டால் அவ்வாண்டு கியூஆர் குறியீட்டு முறை வந்தபோது முச்சக்கரவண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்றே முதலில் வழங்கப்பட்டது. வண்டியே இல்லாத குடும்பங்களும் அதில் தப்பவில்லை, ஏனெனில் பஸ்கள் குறைந்தன, பாடசாலைகள் மூடப்பட்டு, மீண்டும் திறந்தபோதும் சில காலம் வாரத்துக்கு 3 நாள் மட்டுமே நடந்தன.

நோயும் பிரசவமும் நேரம் பார்த்து வருவதில்லை. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவசமாக வரும் சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை பெரும் ஆறுதல்தான் என்றாலும், பாதை உடைந்த இடத்தோடு அதுவும் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் லயம் வரையுள்ள தூரத்தை நோயாளியைத் தூக்கிக்கொண்டு அயலவர்கள்தான் கடக்க வேண்டும். ஆகவே கார் இல்லாத இக்குடும்பங்களுக்கு வேண்டியவை கார்கள் அல்ல: லயம் வரை செப்பனிட்ட பாதை, எந்த பஸ்ஸிலும் செல்லுபடியாகும் பருவச்சீட்டு, பின்னேர வகுப்பு முடிந்த பிறகும் தோட்டத்துக்கு ஏறிவரும் ஒரு பஸ்.