கண்ணாடி விரியன் குறிவைக்கும் படலம்

நம் ரத்தக் குழாய்களின் உட்புறம் முழுக்க ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் படர்ந்திருக்கிறது. பெயர் எண்டோதீலியம். ரத்தம் வெளியே கசியாமல் காப்பதும், உள்ளே வீணாக உறையாமல் பார்த்துக்கொள்வதும் இதன் வேலை.

கண்ணாடி விரியன் கடித்தால் அடி விழுவது இங்கேதான். அதன் நஞ்சு இந்தப் படலத்தையும் அதைத் தாங்கும் சவ்வையும் அரிக்கிறது. ரத்தத்தை உறையவைக்கும் பொருட்களையும் தீர்த்துவிடுகிறது. ஈறில் ரத்தம் கசியும். சிலருக்குக் கன்னமும் கண்ணும் வீங்கும்.

மாற்று மருந்து தயாரிக்க அதே நஞ்சுதான் வேண்டும். அது நம் பக்கத்திலிருந்தே போகிறது. மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலியில் இருக்கிறது இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம், 1978-ல் தொடங்கியது. மண்பானையிலிருந்து விரியனை எடுத்து, கண்ணாடிக் குப்பியின் வாயில் கட்டிய சவ்வைக் கடிக்க வைக்கிறார்கள். நஞ்சு சொட்டுகிறது. பிறகு பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இருளர் பழங்குடியினரான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. தாமதம்தான், ஆனாலும் தகும்.

பாம்பு கடித்த இடத்தைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். உடனே 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.